மலைமேல் ஒரு மாளிகை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

அமெரிக்க நாட்டின் ஐந்து சென்ட் நாணயத்தில் ஒரு பக்கம் ஒரு மனிதரின் முகம் இருக்கிறது. மறுபக்கம் ஒரு வீடு இருக்கிறது. தூண்கள் தாங்கிய முகமண்டபமும், அதன் பின்னே எழும் குவிமாடமும் கொண்ட வீடு. முகம் தாமஸ் ஜெபர்சனுடையது. வீடு அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட மாண்டிசெல்லோ. 1938ஆம் ஆண்டிலிருந்து, இடையில் ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக, இவ்விரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியவாறு அந்நாட்டு மக்களின் கைகளில் புழங்கி வருகின்றன.

ஒருவரின் வாழ்க்கையை அறிய அவர் எழுதியவற்றைப் படிப்பது வழக்கம். ஜெபர்சன் எழுதியவற்றுக்குக் குறைவே இல்லை; கடிதங்கள் மட்டும் ஏறத்தாழ 19,000. ஆயினும் அவர் எழுதியதோடு அவர் கட்டியதையும் சேர்த்துப் படித்தால்தான் அம்மனிதர் முழுமையாகப் புலப்படுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தில் ஒருவர் தாம் விரும்பிய கோலத்தில் காட்சி தரலாம். வீட்டில் அது அவ்வளவு எளிதன்று. சமையற்கட்டை எங்கே வைத்தார், படிக்கட்டை எத்தனை அங்குலம் அகலமாக வைத்தார், வேலை செய்வோர் எந்த வழியாக வந்து போனார்கள் என்பவற்றைச் சுவர்கள் மறைப்பதில்லை.

அமெரிக்க வரலாறு பயிலும் நாம் எல்லோரும் ஒரு கேள்வியில் இடறி நிற்கிறோம். பிறப்பால் மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று உலகுக்கு முழங்கிய விடுதலைச் சாசனத்தை எழுதியவரே, தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். இது எங்ஙனம் பொருந்தும்? தேர்வுத்தாளில் முதற்செய்தியை விரிவாக எழுதிவிட்டு இரண்டாவதை ஒரே வரியில் கடந்துவிடுவோர் நம்மில் உண்டு. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை எள்ளி நகையாடுவோரும் உண்டு. இரண்டுமே எனக்கு உடன்பாடல்ல. இக்கேள்வியை அந்த வீட்டுக்குள்ளேயே கொண்டு சென்று பார்ப்போம் என்பதுதான் இக்கட்டுரையின் முயற்சி.

ஜெபர்சன் 1743ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வர்ஜீனியாவில் ஷாட்வெல் என்னும் பண்ணையில் பிறந்தார். தந்தை பீட்டர் ஜெபர்சன் நிலஅளவையில் வல்லவர். வர்ஜீனியாவின் புகழ்பெற்ற பழைய வரைபடம் ஒன்று அவர் பங்கேற்று உருவாக்கியது. அளவுகோலும் வரைதாளும் மகனுக்குத் தந்தை வழி வந்த செல்வம் என்று கூறலாம். தந்தை இறந்தபோது மகனுக்கு வயது 14. வில்லியம்ஸ்பர்க் நகரில் வில்லியம் மேரி கல்லூரியில் பயின்று, ஜார்ஜ் வித் என்னும் சட்ட அறிஞரிடம் சட்டம் கற்று, வழக்கறிஞரானார்.

தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் ஒரு குன்று இருந்தது. உயரம் 850 அடிக்குச் சற்று மேல். அதன் உச்சியில் வீடு கட்டுவது என்று இளைஞர் ஜெபர்சன் முடிவு செய்தார். அக்காலத்தில் வர்ஜீனியாவின் பெருநிலக்கிழார்கள் ஆற்றங்கரையில்தான் மாளிகை எழுப்புவர். புகையிலை மூட்டைகள் படகில் ஏற வேண்டும், இங்கிலாந்திலிருந்து வரும் பொருள்கள் கரையில் இறங்க வேண்டும் என்பதால் அதுவே வசதி. மலையுச்சியில் வீடு கட்டுவது வசதிக்காகச் செய்யும் செயலன்று. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மலைத்தொடரும் காடும் வானமும் தெரிய வேண்டும் என்னும் ஆசைக்காகச் செய்வது. அந்த ஆசைக்கு அவர் இட்ட பெயர்தான் மாண்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் சிறுமலை என்று பொருள்.

1768இல் உச்சியைச் சமப்படுத்தும் வேலை தொடங்கியது. 1769இல் கட்டட வேலை தொடங்கியது. அவருக்கு அப்போது வயது 26. அந்நாளில் அமெரிக்காவில் கட்டடக்கலை கற்பிக்கும் பள்ளி ஒன்றுகூட இல்லை. ஜெபர்சன் நூல்களிலிருந்தே கற்றார். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பல்லாடியோ என்னும் சிற்பியின் நூல்தான் அவருக்கு வேதம். பழைய ரோமானியக் கோயில்களின் அளவுகளை எடுத்து, தூணின் பருமனுக்கு உயரம் எத்தனை மடங்கு, உயரத்துக்கு இடைவெளி எத்தனை மடங்கு என்றெல்லாம் கணக்கு வகுத்தவர் பல்லாடியோ. அக்கணக்கு ஜெபர்சனின் இயல்புக்கு ஏற்றதாக அமைந்தது. எதையும் அளந்து எழுதிவைப்பவர் அவர். காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

1770ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஷாட்வெல் வீடு தீப்பற்றி எரிந்து, அவருடைய நூல்கள் பெரும்பாலும் சாம்பலாயின. அவ்வாண்டு இறுதியில், மலைமேல் அதுவரை கட்டி முடிந்திருந்த ஒரே ஓர் அறையில் குடியேறினார். 1772ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மார்த்தா என்னும் இளம் கைம்பெண்ணை மணந்து, பனி கொட்டும் குளிரில் அந்த ஒற்றை அறைக்கே அழைத்து வந்தார். அந்த அறை இன்றும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு மாமனார் ஜான் வெய்ல்ஸ் இறந்தார். அவர் வழியாக ஜெபர்சனுக்கு வந்தவை மூன்று: நிலம், 135 அடிமைகள், பெருங்கடன். இந்த மூன்றும் அவருடைய வாழ்வின் இறுதிவரை ஒன்றையொன்று பின்னிக்கொண்டே வந்தன. அந்த 135 பேருள் எலிசபெத் ஹெமிங்ஸ் என்னும் பெண்ணும் அவர் பிள்ளைகளும் இருந்தனர். அப்பிள்ளைகளில் சிலருக்குத் தந்தை ஜான் வெய்ல்ஸே. அதாவது மாண்டிசெல்லோவின் தலைவிக்கு அவர்கள் உடன்பிறப்புகள். சட்டப்படி அவளுடைய கணவனின் உடைமைகள். அன்று கைக்குழந்தையாக இருந்தவள் சாலி ஹெமிங்ஸ். அவளைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது.

1776இல் பிலடெல்பியாவில் விடுதலைச் சாசனத்தை எழுதியதும், 1779 முதல் 1781 வரை வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்ததும் நாம் பாடத்தில் அறிந்தவை. 1781 சூன் மாதம் ஆங்கிலேயக் குதிரைப்படை அவரைப் பிடிக்க மலையேறி வந்தது. சற்று நேரத்துக்கு முன்புதான் அவர் காட்டு வழியே தப்பிச் சென்றிருந்தார். படையினர் வீட்டுக்கு ஊறு செய்யாமல் திரும்பினர் என்பது வியப்பு. மறுஆண்டு செப்டம்பரில் மனைவி இறந்தார். ஆறு குழந்தைகளைப் பெற்ற அந்தத் தாய்க்கு வயது 33. அவர்களில் வளர்ந்து பெரியவர்களானவர்கள் இருவரே. ஜெபர்சன் பின்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1784இல் தூதராகப் பாரிஸ் சென்றார். ஐந்தாண்டுகள் அங்கே இருந்தார். வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் இதை அரசியல் காரணங்களுக்காகச் சிறப்பிப்பர். வீட்டைப் பொறுத்தவரை இது ஒரு திருப்புமுனை. செய்ன் ஆற்றங்கரையில் அப்போது ஒரு பிரபுவின் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தது. தாழ்ந்த ஒற்றைத்தளம் போன்ற தோற்றம், நடுவில் குவிமாடம். ஜெபர்சன் நாள்தோறும் எதிர்க்கரைத் தோட்டத்தில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பியபோது, பதினைந்து ஆண்டுகளாகக் கட்டிய தம் வீடு அவர் கண்ணுக்குப் பழையதாகிவிட்டது.

1796இல் இடிக்கத் தொடங்கினார். மேல்தளத்தை அகற்றினார். 8 அறைகள் இருந்த வீட்டை 21 அறைகளாக விரித்தார். 1800இல் குவிமாடம் எழுந்தது. இதற்கிடையில் துணைத்தலைவராகவும் பின் எட்டாண்டுகள் குடியரசுத் தலைவராகவும் இருந்தார். 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை 15 மில்லியன் டாலருக்கு வாங்கி நாட்டின் பரப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கினார். நாட்டை ஆண்டுகொண்டே வீட்டு வேலைக்கான வரைபடங்களையும் அனுப்பிக்கொண்டிருந்தார். 1809இல் பதவி முடிந்து திரும்பியபோதுதான் வீடு ஏறத்தாழ நிறைவுற்றிருந்தது. தொடங்கி 40 ஆண்டுகள்!

இனி அவ்வீட்டினுள் நுழைவோம். கிழக்கு முகப்பிலிருந்து பார்த்தால் ஒரே தளம் போலத் தெரியும். உண்மையில் மேலும் இரண்டு தளங்கள் உண்டு. கீழ்த்தளப் பலகணியையும் மேல்தளப் பலகணியையும் ஒரே சட்டத்தில் பொருந்தச் செய்து, நெடிய ஒற்றைப் பலகணியெனக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார். முகமண்டபத்தின் விதானத்தில் காற்று வீசும் திசையைக் காட்டும் முள் ஒன்று. கூரைமேல் சுழலும் காற்றுக்காட்டியோடு இணைக்கப்பட்டது. மழையில் நனையாமல் காற்றின் திசை அறியலாம்.

வாயிலுக்கு மேல் இருமுகக் கடிகாரம். இரும்புக் குண்டுகள் கயிற்றில் தொங்கி, நாளுக்கு நாள் இறங்கி அதை ஓட்டும். குண்டு எந்தக் குறிக்கு நேராக இருக்கிறதோ அதுவே கிழமை. ஆனால் கூடத்தின் உயரம் ஏழு நாளுக்குப் போதவில்லை. தரையில் துளையிட்டுக் கயிற்றை நிலவறைக்குள் இறக்கிவிட்டார். ஆகவே அவ்வீட்டில் சனிக்கிழமை நிலவறையில்தான் பிறக்கும். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதே கடிகாரத்தின் இன்னொரு செய்தி சிரிக்கத்தக்கதன்று. கூடத்தை நோக்கிய உள்முகத்தில் நிமிட முள் உண்டு. வயலை நோக்கிய வெளிமுகத்தில் மணிமுள் மட்டுமே. வெளியில் உழைப்போருக்கு மணி தெரிந்தால் போதும் என்பது போலும்! கூரைமேல் இருந்த சேகண்டி மணிதோறும் ஒலித்து, வயல்கள்வரை கேட்கும்.

கூடம் ஒரு காட்சிச்சாலையாக இருந்தது. மேற்கே பசிபிக் கடல்வரை அவர் அனுப்பிய லூயிஸ், கிளார்க் குழுவினர் கொணர்ந்த கொம்புகளும், பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்களும் அங்கு வைக்கப்பட்டன. அடுத்து வரவேற்பறை. அதன் இரட்டைக் கதவில் ஒன்றைத் தள்ளினால் மற்றொன்றும் தானே திறக்கும். தரைக்கடியில் மறைந்த சங்கிலி அதைச் செய்கிறது. அவருடைய கட்டில் படுக்கையறைக்கும் படிப்பறைக்கும் இடைப்பட்ட சுவர் மாடத்தில் இருந்தது. ஒரு பக்கம் இறங்கினால் உடை. மறுபக்கம் இறங்கினால் புத்தகம். படிப்பறையில், ஒரு பேனா எழுதும்போதே இணைந்த மற்றொரு பேனா படியெடுக்கும் பொறி. வெளிச்சத்துக்குக் கூரையில் 13 கண்ணாடித் திறப்புகள். உச்சியில் எண்கோண வடிவக் குவிமாட அறை. மஞ்சள் சுவர், பச்சைத் தரை, வட்டப் பலகணிகள். வீட்டிலேயே அழகான அறை அதுதான். ஆனால் அங்கு செல்லும் படிக்கட்டு மிகக் குறுகியது என்பதால் அது பெரும்பாலும் பயனற்றே கிடந்தது.

என் தந்தையார் கொத்தனார். நூலகத்தில் கிடைத்த ஒரு நூலிலிருந்து இவ்வீட்டின் தரைப்படத்தை வரைபடத்தாளில் எடுத்துக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். குவிமாடத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மலைமேல் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று முதலில் கேட்டார். இத்தனை பெரிய வீட்டில் சமையற்கட்டு எங்கே என்று அடுத்துக் கேட்டார். இரண்டடி அகலப் படிக்கட்டில் பண்டபாத்திரத்தோடு ஆள் எப்படி ஏறுவான் என்று மூன்றாவதாகக் கேட்டார். இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு மறுபடி படித்தபோது எனக்கு வேறொரு வீடு தெரிந்தது.

தண்ணீர் கடினமாகவே இருந்தது. 65 அடி ஆழத்தில் தோண்டிய கிணறு அடிக்கடி வற்றியது. மழைநீரைத் தேக்க நான்கு தொட்டிகள் பின்னர் கட்டப்பட்டன. கிணறு வற்றிய காலத்தில் மலைச்சரிவிலிருந்த ஊற்றுகளிலிருந்து நீரைச் சுமந்தவர்கள் அடிமைகளே.

சமையற்கட்டு வீட்டுக்குள் இல்லை. மாளிகையின் இருபுறமும் கை நீட்டியதுபோல் இரண்டு நீண்ட மேடைகள் செல்கின்றன. மேலே நின்று பார்ப்பவருக்கு அவை உலாவும் தளங்கள்; மலைக்காட்சிக்கு இடையூறு ஒன்றும் இல்லை. சரிவில் இறங்கி நின்று பார்த்தால், அம்மேடைகளுக்கு அடியில் வரிசையாக அறைகள். சமையற்கட்டு, பால் அறை, இறைச்சி புகையூட்டும் அறை, வேலைக்காரர் உறைவிடம் எல்லாம் அங்கே. வீட்டின் அடியில் ஒரு நிலவறை வழி அவற்றை இணைக்கிறது. உணவு அவ்வழியே வந்து, குறுகிய படிக்கட்டில் ஏறி, உணவறைக்கு வெளியே ஒரு கதவை அடையும். அந்தக் கதவு நடுஅச்சில் சுழல்வது. பின்புறம் தட்டுகள் பொருத்தப்பட்டது. வெளியே நின்று தட்டுகளில் உணவை அடுக்கிக் கதவைச் சுழற்றினால் உணவு உள்ளே வந்துவிடும், ஆள் வரவேண்டியதில்லை. கணப்படுப்பின் இருபக்கத்திலும் மறைவான சிறு பெட்டிகள். கீழே மதுவறையிலிருந்து புட்டிகளை ஏற்றிவிடுவதற்கு. விருந்தினர் உரையாடிக்கொண்டே இருப்பர். உணவு வரும், மது வரும், கொணர்ந்த கை தெரியாது.

இவற்றை ஜெபர்சனின் அறிவுக்கூர்மைக்குச் சான்றாகக் காட்டுவது மரபு. நானும் அதை மறுக்கவில்லை. வேலைக்காரர் காதில் விழாமல் விருந்தினர் மனம்விட்டுப் பேசலாம் என்பதும் ஒரு காரணம். ஆனால் இத்தனை பொறிகளும் சேர்ந்து செய்வது ஒரே வேலை. உழைப்பின் பயன் உள்ளே வர வேண்டும். உழைப்பவர் கண்ணில் படக்கூடாது. மேல்தளத்தை ஒளித்து ஒரு தளம்போல் காட்டிய அதே கை, மனிதர்களையும் அவ்வாறே ஒளித்தது. சாசனம் எழுதியவருக்கு, தாம் எழுதியதும் தாம் வாழ்ந்ததும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கின்றன என்பது தெரியாமலா இருந்தது? தெரிந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். தெரியாதவர் இவ்வளவு அக்கறையாக மறைக்கமாட்டார்.

மாளிகைக்குத் தெற்கே, சற்றுத் தாழ்வாக, முசுக்கட்டை மரங்கள் நின்ற ஒரு சாலை இருந்தது. அதன் ஓரமாகத் தச்சுப்பட்டறை, கொல்லுலை, ஆணிப்பட்டறை, குடிசைகள். 1794இல் ஜெபர்சன் தொடங்கிய ஆணிப்பட்டறையில் 10 முதல் 16 வயதுவரையுள்ள சிறுவர்கள் நாள் முழுதும் ஆணி அடித்தார்கள். யார் எவ்வளவு இரும்பை வீணாக்கினார்கள் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். 1796இல் காப்பீட்டுக்காக அவரே வரைந்த படத்தில் மூன்று குடிசைகளின் அளவைத் தந்திருக்கிறார்: நீளம் 14 அடி, அகலம் 12 அடி, மரப் புகைபோக்கி, மண் தரை. மாளிகையின் பரப்போ ஏறத்தாழ 11,000 சதுர அடி. இரண்டையும் வரைந்தது ஒரே கை.

அந்த 5,000 ஏக்கர் பண்ணையில் ஒரு காலத்தில் 130 பேர்வரை அடிமைகளாக இருந்தனர். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியும். ஜெபர்சன் எதையும் எழுதிவைப்பவர் என்றேன் அல்லவா? பண்ணைக் குறிப்பேட்டில் பிறந்த குழந்தை, கொடுத்த கம்பளி, துணி, மீன் எல்லாவற்றையும் பெயரோடு பதிந்தார். அந்தக் குறிப்பேடே இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிக் கண்டடையும் ஏடாகிவிட்டது.

மாண்டிசெல்லோவின் நுட்பமான மரவேலைகளில் கைத்திறம் காட்டியவர் ஜான் ஹெமிங்ஸ் என்னும் தச்சர். எலிசபெத் ஹெமிங்ஸின் மகன். வெள்ளைக்காரத் தச்சரிடம் கற்று, பின் தாமே தச்சுப்பட்டறையை நடத்தினார். ஜெபர்சன் மனத்தில் கண்ட நாற்காலியையும் மேசையையும் இவர்தான் மரத்தில் கண்டார். இறுதியில் ஜெபர்சனின் சவப்பெட்டியைச் செய்ததும் இவரே. இவருடைய அண்ணன் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் ஜெபர்சனோடு பாரிஸ் சென்று பிரெஞ்சுச் சமையல் கற்றவர். பிரான்சில் அடிமைமுறை செல்லாது. அங்கேயே வழக்குத் தொடுத்து விடுதலை பெற்றிருக்கலாம். திரும்பி வந்தார். தம் தம்பிக்குச் சமையல் கற்றுக்கொடுத்த பின்னரே 1796இல் விடுதலை பெற்றார்.

பாரிசுக்கு 1787இல் சென்ற மற்றொருவர் சாலி ஹெமிங்ஸ். ஜெபர்சனின் இளைய மகளுக்குத் துணையாகச் சென்றபோது அவளுக்கு வயது 14. அவளும் அங்கே விடுதலை கேட்டிருக்கலாம். தனக்குப் பிறக்கும் குழந்தைகள் 21 வயதில் விடுதலை பெறுவர் என்னும் வாக்குறுதியின் பேரில் திரும்பினாள் என்று அவளுடைய மகன் மாடிசன் 1873இல் தம் வரலாற்றில் கூறினார். அவளுடைய பிள்ளைகளில் நால்வர் வளர்ந்து பெரியவர்களாயினர். அவர்களின் தந்தை ஜெபர்சனே என்பதை அவருடைய வெள்ளைக் குடும்பமும், வரலாற்றாசிரியர் பலரும் நெடுங்காலம் மறுத்தனர். 1998இல் நடந்த மரபணுச் சோதனை ஜெபர்சன் குலத்து ஆண்வழித் தொடர்பைக் காட்டியது. மாண்டிசெல்லோவைப் பேணும் அறக்கட்டளையே ஆராய்ந்து, 2000இல் அதற்கு வாய்ப்பு மிகுதி என்றும், 2018இல் ஐயமின்றித் தெளிவானது என்றும் ஏற்றுக்கொண்டது. இதைக் காதல் கதையாக்கிப் படமெடுத்தோரும் புதினம் எழுதியோரும் உண்டு. மறுக்கும் உரிமையே இல்லாத ஒருத்தியைப் பற்றி அச்சொல்லைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஜெபர்சனுக்காகவும் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். சாசனத்தின் முதல் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பகுதி எழுதினார். பேராளர் அவை அதை நீக்கிவிட்டது. 1784இல் மேற்குப் பகுதிகளில் அடிமைமுறை பரவாமல் தடுக்க அவர் கொணர்ந்த விதி ஒரே வாக்கில் தோற்றது. 1807இல் அடிமைகளை அயல்நாட்டிலிருந்து இறக்குமதி செய்வதைத் தடைசெய்யும் சட்டத்தில் குடியரசுத் தலைவராகக் கையொப்பமிட்டார். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் குரல் தாழ்ந்தது. கடன் ஏறியது. புத்தகம், மது, விருந்து, மாளிகை, இடித்தல், கட்டுதல்! அடிமைகளே அவருடைய கடனுக்குப் பிணையம். அவர்களை விடுவித்தால் வீடு இல்லை. வீடா, விடுதலையா என்னும் கேள்வி எழுந்தபோதெல்லாம் அவர் வீட்டின் பக்கமே நின்றார்.

ஓய்வுக் காலத்தில் இரண்டு பெருஞ்செயல்கள். வாஷிங்டனில் ஆங்கிலேயர் 1814இல் நாடாளுமன்ற நூலகத்தை எரித்தபோது, தம் 6,487 நூல்களை மறுஆண்டு நாட்டுக்கு விற்றார். இன்றைய நாடாளுமன்ற நூலகத்துக்கு அது வித்தாயிற்று. விற்ற பணம் 23,950 டாலர் பெரும்பாலும் கடன்காரர்களுக்கே போயிற்று. அடுத்தது, 1819இல் நிறுவிய வர்ஜீனியாப் பல்கலைக்கழகம். கட்டடங்களை அவரே வரைந்தார். மலைமேல் நின்று தொலைநோக்கியில் வேலையைக் கண்காணிப்பார். நடுவில் கோயில் அல்ல, நூலகம். கல்லூரி மாணவர்களாகிய நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1826ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், சாசனம் ஏற்கப்பட்ட ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, தம் சுவர்மாடக் கட்டிலிலேயே உயிர் நீத்தார். வயது 83. மூன்று செயல்களை மட்டும் தம் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார்: விடுதலைச் சாசனம், வர்ஜீனியாவின் சமய உரிமைச் சட்டம், பல்கலைக்கழகம். நாட்டை ஆண்டதை விட்டுவிட்டார். விருப்ப ஆவணத்தில் ஐந்து அடிமைகளுக்கு விடுதலை அளித்தார். ஐவருமே ஹெமிங்ஸ் குடும்பத்தினர். சாலியின் பெயர் அதில் இல்லை.

கடன் ஒரு இலட்சம் டாலருக்கு மேல். 1827 சனவரியில், மாளிகையின் புல்வெளியில், கட்டிலும் நாற்காலியும் மாடும் கலப்பையும் 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தனர். விடுதலை பெற்ற ஐவரில் ஒருவர் ஜோசப் பாசெட் என்னும் கொல்லர். அவருடைய மனைவி எடித் ஜெபர்சனின் தலைமைச் சமையற்காரி. அவளும் குழந்தைகளும் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டதைத் தந்தை நின்று பார்த்தார். பின்னர் கொல்லுலையில் உழைத்து மனைவியையும் சில குழந்தைகளையும் விலைகொடுத்து மீட்டார். மகன் பீட்டருக்கு அப்போது வயது 11. அவனை மட்டும் வாங்கியவர் திருப்பித்தர மறுத்துவிட்டார். இருமுறை தப்பியோட முயன்று பிடிபட்டு, நடுவயதில்தான் விடுதலை பெற்று, சின்சினாட்டி நகரில் சமய போதகரானார் பீட்டர். 1900ஆம் ஆண்டில், முதியவராக, மாண்டிசெல்லோவை மறுபடி ஒருமுறை பார்க்க வந்தார்.

அவர் வந்தபோது வீடு இருந்ததே ஒரு தனிக்கதை. 1831இல் அது ஒரு மருந்து வணிகருக்கு விற்கப்பட்டது. 1834இல் யூரையா லெவி என்னும் கடற்படை அதிகாரி வாங்கினார். அவர் யூதர். மதத்தின் பெயரால் பல இன்னல்களைப் படையில் சந்தித்தவர். சமய உரிமைச் சட்டம் தந்த மனிதர் என்பதற்காகவே ஜெபர்சனைப் போற்றினார். பாழாகிக்கொண்டிருந்த வீட்டைச் செப்பனிட்டார். தம் தாயை அந்த முசுக்கட்டைச் சாலையோரத்திலேயே அடக்கம் செய்தார். அவரும் அங்கே அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1862இல் அவர் இறந்தபின், உள்நாட்டுப் போராலும் உறவினர் வழக்காலும் வீடு சீரழிந்தது. நிலவறையில் மாடு கட்டினார்கள். கூடத்தில் தானியம் கொட்டினார்கள். 1879இல் அவருடைய தம்பி மகன் ஜெபர்சன் லெவி அதைப் பெற்றுப் பழுது பார்த்தார். 1923இல் 5 இலட்சம் டாலருக்கு அறக்கட்டளை வாங்கியது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஜெபர்சன் வரைந்த படங்களும் கணக்கேடுகளும் ஏராளமாக எஞ்சியிருப்பதால், எந்தச் சுவருக்கு எந்த வண்ணம் என்பதுவரை ஆராய்ந்து மீட்கிறார்கள்.

நெடுங்காலம் வழிகாட்டிகள் குவிமாடத்தையும் கடிகாரத்தையும் காட்டினர். முசுக்கட்டைச் சாலை வெறும் புல்தரையாகக் கிடந்தது. 1980ஆம் ஆண்டுகளில் அங்கே விரிவாக அகழாய்வு நடந்து குடிசைகளின் அடித்தளங்களும் பீங்கான் ஓடுகளும் பொத்தான்களும் வெளிப்பட்டன. தெற்கு மேடையின் அடியில், சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் சிறு அறை, 1941இல் பார்வையாளருக்கான கழிப்பறையாக மாற்றப்பட்டிருந்தது. அதை அகற்றித் தோண்டியபோது பழைய செங்கல் தரையும் கணப்படுப்பின் தடமும் கிடைத்தன. ஏறத்தாழ 14 அடிக்கு 13 அடி அளவுள்ள அந்த அறை 2018ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அவளுடைய உருவப்படம் ஒன்றும் இல்லாததால், சுவரில் ஒரு நிழலுருவை மட்டும் காட்டி, மகன் மாடிசன் சொன்ன வரலாற்றைக் கொண்டு அவள் கதையைச் சொல்கிறார்கள்.